சட்டைக்கையைத் திருகும் நோயாளி

ஹெல்வி நீமியின் இரண்டு கைகளிலும் மாவு ஒட்டியிருந்தது. ஏலக்காய் இடித்துப் போட்டுப் பிசைந்த மாவை மூன்று கயிறாக உருட்டி, தலை பின்னுவது போலப் பின்னிக்கொண்டிருந்தாள். தேவாலயத்தில் காபியோடு வைக்கும் பின்னல் ரொட்டி அவள் பொறுப்பு. பாதிப் பின்னலில் தொலைபேசி அடித்தது. முழங்கையால் ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"ஹெல்வி, ஜினெட் பேசுறேன். நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா காலேஜுக்கு வரமுடியுமா? ஒரு வீடியோ காட்டணும்."

"என்ன வீடியோ?"

"வாங்களேன். நேர்ல பார்த்துப் பேசினா நல்லது."

அந்தக் குரலை ஹெல்விக்கு நன்றாகத் தெரியும். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த காலத்தில் அவளே எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தக் குரலில் பேசியிருக்கிறாள். ஆள் இறந்துபோனால் ஒரு குரல், கீழே விழுந்துவிட்டால் ஒரு குரல். இது கீழே விழுந்ததற்கான குரல்.

சமையலறை மேஜையில் அவள் கணவன் ஆர்வோ, உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கும் தூண்டிலைப் பிரித்துப் போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே கேட்டான்.

"நாளைக்கு என்ன வியாதி?"

"வியாதி இல்ல. ஏதோ குத்தம் கண்டுபிடிச்சிருக்காங்க."

"அப்ப அது வியாதியைவிட மோசம்," என்றான் ஆர்வோ.

ஹெல்விக்கு வேலை, நோயாளியாக நடிப்பது. கனடாவில் தண்டர் பே நகரக் கல்லூரியில் நர்ஸ் படிப்பு படிக்கிற பிள்ளைகள் நிஜ நோயாளியைத் தொடும் முன் இவளைப் போன்றவர்களிடம் பேசிப் பழகுவார்கள். என்ன வலி, எப்போதிலிருந்து, வீட்டில் யார், எதைக் கேட்டால் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்காவிட்டால் மறைக்க வேண்டும் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். முதலில் வரும் மாணவருக்கும் கடைசியில் வருபவருக்கும் ஒரே நோயாளிதான் கிடைக்க வேண்டும். அதே வலி, அதே பதில், அதே இடத்தில் அதே கண்ணீர். இல்லாவிட்டால் மதிப்பெண் நியாயமாக இருக்காது.

அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் நடிப்பு என்பது வசவுச் சொல். ஊருக்கு மேற்கே பின்லாந்துக்காரர்களின் பண்ணைகளில் ஒன்று அது. சிறு வயதில் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து அழுதபோது அவளுடைய அம்மா வாசலில் நின்று, "பார்க்க இங்க ஆள் இல்ல, எழுந்திரு," என்றாள். எழுந்தாள். கை முறிந்திருந்தது. அது மறுநாள்தான் தெரிந்தது. வலியைக் காட்டாதே, சந்தோஷத்தைக் காட்டாதே, பரிசைப் பிரித்தால் ‘நன்றாக இருக்கிறது’ என்று மட்டும் சொல். அப்படிப்பட்ட ஜனங்கள். ஆனால் அதே ஜனங்கள் காபி வேண்டுமா என்று கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவை உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார்கள். மூன்றாம் தடவை அரைக் கோப்பை போதும் என்று சொல்லிவிட்டு மூன்று கோப்பை குடிப்பார்கள். இதை யாரும் நடிப்பு என்று சொன்னதில்லை. ஹெல்வி மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொள்வாள்.

முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, முழங்கால் தேய்ந்து ஓய்வு பெற்றாள். தேவாலயத்து அறிவிப்புப் பலகையில் கல்லூரியின் சீட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னபோது ஆர்வோ சிரித்தான். "உனக்கா? பிறந்தநாள் கேக்குக்குக்கூட ஆச்சரியப்பட்டாப்பல காட்டத் தெரியாதவ நீ."

நடிப்பு வந்தது, நன்றாகவே வந்தது. முதல் நாள் ஒரு பெண் எதிரில் உட்கார்ந்து, "எங்க வலிக்குதுன்னு சொல்லுங்க," என்று கேட்டபோது ஹெல்விக்கு உள்ளுக்குள் என்னவோ இளகியது. காலமெல்லாம் அந்தக் கேள்வியை மற்றவர்களிடம் கேட்டே பழகியவள். கட்டிலில் உட்கார்ந்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்வது சுகமாக இருந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேலையை விட அவளுக்கு மனமில்லை.

வருஷம் போகப் போக அவள் சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டாள். கெட்ட செய்தி சொல்லும் முன் ஒரு சிறு சிரிப்பு. மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்வெட்டர் கையின் நுனியை விரல்களால் பிடித்துத் திருகுவது. மிசஸ் பார்லோ என்ற வேஷத்துக்கு அது அவ்வளவு பொருந்தியது. தலைவலி, தூக்கமில்லை என்று வந்திருக்கும் கைம்பெண் அந்த பார்லோ. அவளுடைய வளர்ந்த மகன் வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறான், குடிக்கிறான், கை நீட்டுகிறான். அதை அவள் தானாகச் சொல்லமாட்டாள். "வீட்டில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி ஹெல்வி அந்த நுனியைத் திருகும்போது, கூட நடிக்கும் ராஸ்கூட ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஸ் ஓய்வு பெற்ற தபால்காரர். நெஞ்சுவலி வேஷம் போட்டால் பக்கத்து அறையில் உள்ளவர்கள் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போவார்கள். அப்படிப்பட்ட நடிகரின் கண்ணீர் என்றால் சும்மா இல்லை என்று ஹெல்வி நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜினெட் கணினியைத் திருப்பி வைத்தாள். ஜினெட் பாடம் நடத்தும் நர்ஸ். பூசி மெழுகத் தெரியாதவள்.

"இது போன மாசப் பயிற்சி. நீங்க பேசுறதைக் கேக்காதீங்க. இந்தப் பொண்ணோட கண்ணைப் பாருங்க."

ஹெல்வி பார்த்தாள். திரையில் மிசஸ் பார்லோ தூக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாணவி எதையும் எழுதவில்லை. அவள் கண் பார்லோவின் மணிக்கட்டிலேயே இருந்தது. விரல்கள் நுனியைத் திருகின. உடனே மாணவியின் தலை இடப்பக்கம் சாய்ந்தது, கை நீண்டு பார்லோவின் முன்னங்கையில் உட்கார்ந்தது, குரல் இறங்கியது. "வீட்டுல உங்களுக்குப் பாதுகாப்பா இருக்கா?"

"அடுத்தது," என்றாள் ஜினெட். வேறு பையன். கண் மணிக்கட்டில். திருகல். தலை சாய்ந்தது, கை நீண்டது, குரல் இறங்கியது.

"அடுத்தது வேணாம்," என்றாள் ஹெல்வி.

"மேல் வகுப்புப் பிள்ளைங்க கீழ் வகுப்புக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. பார்லோ அம்மா ஸ்வெட்டரைத் திருகினா வீட்டுக் கேள்வியைக் கேளு, பாஸ். எல்லாரும் பாஸ். ஒருத்தர்கூட உங்க பேச்சைக் கேக்கல, ஹெல்வி."

"நர்ஸுன்னா கையைப் பார்க்கத்தானே வேணும்?"

"பார்க்கணும்தான். ஆனா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வர்ற எல்லாரும் உங்க கையைக் கொண்டுவர மாட்டாங்களே."

ஜினெட் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் சங்கடம்.

"வியாழக்கிழமை தேர்வு," என்றாள் ஜினெட். "அதுக்குள்ள அந்தத் திருகலை விட முடிஞ்சா நீங்கதான் பார்லோ, இனிமேலும் நீங்கதான். முடியலேன்னா வேற ஆளைப் போடுறதைத் தவிர எனக்கு வழியில்ல. ராஸோட தங்கச்சிகிட்ட கேட்டு வெச்சிருக்கேன்."

"அவ ராஸ் மாதிரியா?"

"கொஞ்சம்."

"அப்ப தேர்வு முடியிற வரைக்கும் கண்ணைத் துடைக்கிறதுக்கு ஒரு பெட்டி டிஷ்யூ போதாது."

ஜினெட் சிரித்தாள். சிரித்துவிட்டு, "வியாழக்கிழமை," என்று மறுபடியும் சொன்னாள்.

நானே சேர்த்ததுதானே, நானே எடுத்துவிட்டால் போகிறது என்று எண்ணிக்கொண்டே ஹெல்வி வண்டியை ஓட்டி வந்தாள். சூப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தடவை மிளகைக் குறைப்பது போலத்தான் இதுவும்.

அன்று மதியம் ஆர்வோவை நர்ஸாக உட்காரவைத்தாள். அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேள்வித்தாளைக் கைநீட்டத் தூரத்தில் பிடித்தான்.

"பேரு."

"மிசஸ் பார்லோ."

"சரி. வலி."

"தலையில."

"ம்."

"‘ம்’முனா ஆச்சா? அக்கறை காட்டணும். தலையைக் கொஞ்சம் சாய்க்கணும்."

ஆர்வோ தலையைச் சாய்த்தான். கழுத்து சுளுக்கிய கோழி போல இருந்தது. "உங்களுக்கு அது ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்," என்று ஏரியில் காற்று வீசும் திசையை ரேடியோவில் படிப்பவன் போல வாசித்தான். "இதையெல்லாம் ஆஸ்பத்திரில நிஜமாவே சொல்றாங்களா?"

"சொல்லச் சொல்லிக் குடுக்குறாங்க. நீ மேல கேளு."

"வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"திருகிட்டே."

"எங்க?"

"இப்பத்தான். இடது கை."

மறுபடி கேட்டான். மறுபடி திருகினாள். விரலைத் தொடையில் அழுத்தி வைத்துக்கொண்டு சொன்னாள். வாக்கியம் முடியும் முன்பே விரல் ஸ்வெட்டர் நுனியில் போய் நின்றது. எரிச்சலோடு ஸ்வெட்டரின் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டாள்.

"பார்லோவுக்குன்னு சேர்த்தது. பேய் மாதிரி ஒட்டிக்கிச்சு."

"பார்லோவுக்குன்னா?" ஆர்வோ கண்ணாடியைக் கழற்றினான். "கல்யாணமான நாள்லேர்ந்து நீ அதைப் பண்றியே."

"நானா? எப்ப?"

"ஒளிச்சு வெச்சுப் பேசுறப்ப எல்லாம்."

ஹெல்வி அவனையே பார்த்தாள். ஆர்வோ தாளை மடித்து மேஜையில் வைத்தான். அவனுக்கு நீளமாகப் பேசிப் பழக்கமில்லை, ஒவ்வொன்றாகத்தான் வந்தது.

"எங்கம்மா குடுத்த ஜன்னல் திரை பிடிச்சிருக்குன்னு சொன்னே. திருகினே. வண்டிக் கதவு நசுங்கினது கடைக்காரன் இடிச்சதுன்னு சொன்னே. திருகினே. ஏரிக்கரைக் குடிசைக்குப் போறதுக்கு ஆசையா இருக்குன்னு வருஷா வருஷம்..."

"போதும்."

"அப்புறம் அந்தக் கட்டி."

ஹெல்வி சுருட்டிய ஸ்வெட்டர் கையை இறக்கிவிட்டாள். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, தனியாகப் போய்க் காட்டி, சோதனை முடிவு வரும் வரை அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒன்றுமில்லை என்று முடிவு வந்தது. அதற்கப்புறம்தான் ஆர்வோவிடம் சொன்னாள், பல் பிடுங்கியதைச் சொல்வது போல.

"என்னன்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னே. அன்னைக்கு ஸ்வெட்டர் நூலே பிரிஞ்சு வந்துடுச்சு."

"தெரிஞ்சிருந்தா ஏன் மேல கேக்கல?"

"சொல்ல உனக்கு இஷ்டமில்லன்னும் தெரிஞ்சுதே. அதனால மீன்பிடிக்கப் போகாம வீட்டுல கெடந்தேன்."

அவளுக்கு அந்தக் குளிர்காலம் ஞாபகம் வந்தது. ஏரி நல்ல கெட்டியாக உறைந்திருந்த சமயம். இந்த மனுஷன் தூண்டிலைத் தொடாமல் கீழ்த்தளத்தில் அலமாரி அடித்துக்கொண்டு, நேரத்துக்கு நேரம் காலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். எப்போது வெளியே போய்த் தொலைவான் என்று அவள் முணுமுணுத்திருக்கிறாள்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே," என்றான் ஆர்வோ. "அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?"

ஹெல்வி எழுந்து உருளைக்கிழங்கு உரிக்கப் போனாள். தேவைக்கு மேல் உரித்தாள். தன் திறமை என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்த ஒன்று, சொந்த வீட்டில் பொய் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். அவள் பார்லோவுக்கு எதையும் புதிதாகக் கொடுக்கவில்லை, தன்னிடம் இருந்ததைத்தான் தெரியாமல் கொடுத்திருக்கிறாள். அது ஒரு பக்கம் கோபம். தன்னை ஒரு ஆள் இத்தனை காலமாக உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான் என்பது இன்னொரு பக்கம். அது கோபம் இல்லை. கிழங்கு வேகும் வரைக்கும் இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துவிட்டு, தட்டு வைக்கக் கூப்பிட்டாள்.

அடுத்த நாள்களில் அவள் வழி தேடினாள். கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தாள். மிசஸ் பார்லோ, ஆசிரியை திட்டிய பள்ளிக்கூடப் பெண் போல ஆகிவிட்டாள். மடியில் கைப்பையை வைத்துக்கொண்டாள். பையின் வாரைத் திருகினாள். கையில்லாத சட்டை போட்டுப் பார்த்தாள்; குளிரில் பல் கிட்டித்தது.

புதன்கிழமை மாலை சானா என்ற ஆவிக்குளியல் நாள். வீட்டுக்குப் பின்னால் உள்ள மரக்கொட்டகையில் அடுப்புக் கற்கள் பழுத்திருந்தன. ஆர்வோ மேல் பலகையிலும் ஹெல்வி கீழ்ப் பலகையிலும் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தார்கள். திருகுவதற்கு இங்கே ஸ்வெட்டரும் இல்லை, பையும் இல்லை, ஒன்றுமே இல்லை.

"இப்ப கேளு பார்க்கலாம்," என்றாள் ஹெல்வி.

"வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா, மிசஸ் பார்லோ?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

விரல்கள் நேராகப் போய் மணிக்கட்டுத் தோலைப் பிடித்துத் திருகின. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஆர்வோதான் முதலில் வெடித்தான். அவன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் அகப்பை கை நழுவி அடுப்பின் மேல் விழுந்து ஒரே ஆவி. ஹெல்வி விலாவைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

"ராஸ் தங்கச்சியைக் கூப்பிடச் சொல்லிட வேண்டியதுதான்," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. சிரிப்பாகத்தான் சொன்னாள். சொன்னதும் முகம் வாடியது.

ஆர்வோ அகப்பையை எடுத்துத் தொட்டியில் போட்டான். பேச்சை மாற்றுவது போல, "சூடு போதுமா?" என்று கேட்டான்.

"போதும்."

"திருகலியே."

"சூடு போதும்னா போதும்தானே. அதுல என்ன பொய்..."

ஹெல்வி பாதியில் நிறுத்தினாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"திரும்பக் கேளு. வீட்டுக் கேள்வியை."

"வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?"

பார்லோவின் வீட்டை அவள் மனதிலிருந்து தள்ளி வைத்தாள். அடுப்பில் கொதித்து முடிந்து மூடி வைத்திருக்கும் மீன் குழம்பு. துடைத்து வைத்த சமையலறை. குளிரில் இன்ஜின் உறையாமலிருக்க வெளியே மின்கம்பி சொருகிவிட்டு வந்திருக்கும் வண்டி. தலையில் ஈரத் துணியோடு மேலே உட்கார்ந்திருக்கும் இந்த மனுஷன்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

கை மடியில் கிடந்தது.

"இது யார் வீடு?" என்றான் ஆர்வோ.

"நம்ம வீடு."

"அப்ப சரி," என்றான் அவன். கல்லுக்குத் தண்ணீர் விடத் தேவையில்லாதபோதும் திரும்பி ஓர் அகப்பை விட்டான்.

வியாழக்கிழமை தேர்வு. ஹெல்வி வழக்கமான ஸ்வெட்டரைத்தான் போட்டுக்கொண்டாள். அறையில் கட்டில், நாற்காலி, சுவரில் வெளியிலிருந்து மட்டும் உள்ளே பார்க்க முடிகிற கண்ணாடி. அந்தப் பக்கம் ஜினெட்.

பார்லோவின் தாளில் ஒரு வரி உண்டு. தூக்கத்தைப் பற்றிக் கேட்டால், "முன்னறை நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கிடுவேன், ஷூவைக்கூடக் கழட்டுறதில்ல" என்று சொல்ல வேண்டும். தை மாசத்துத் தண்டர் பேயில் வாசல் பாயைத் தாண்டி வீட்டுக்குள் பனி ஒட்டிய ஷூவோடு நடப்பவள், ஒன்று பைத்தியம், இல்லை என்றால் ஓடத் தயாராக இருப்பவள். வருஷக்கணக்காக ஹெல்வி அந்த வரியைச் சொல்லிவருகிறாள். ஒருவர் காதிலும் அது விழுந்ததில்லை.

முதலில் வந்த பெண் தலைவலியைப் பற்றி ஒழுங்காகக் கேட்டாள். தூக்கத்தைக் கேட்டாள். நாற்காலி, ஷூ என்று சொன்னதும் ‘தூக்கம் சரியில்லை’ என்று எழுதிவிட்டு ஸ்வெட்டரைப் பார்த்தாள். காத்திருந்தாள். ஸ்வெட்டரில் ஒன்றும் நடக்கவில்லை. தவித்துப்போய், "காபி எத்தனை கப் குடிப்பீங்க?" என்றாள். நிறைய என்று கேட்டதும் முகம் மலர்ந்து எழுதிக்கொண்டாள். மணி அடித்தது.

இரண்டாவதாக டெவன். அக்கறை முகத்தில் வகுப்பிலேயே முதல் என்று பெயர் எடுத்தவன். ஹெல்வி வாயைத் திறக்கும் முன்பே அவன் தலை சாய்ந்துவிட்டது.

"வீட்டுல வேற யாரு இருக்காங்க, மிசஸ் பார்லோ?"

"ரெண்டு பூனை. பையனும் இருக்கான்."

"உங்களுக்கு அது ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்."

"பூனையா?" என்றாள் ஹெல்வி. தாளில் இல்லாத சொல் அது. வாய் முந்திக்கொண்டது.

டெவன் திணறவில்லை. இன்னும் கொஞ்சம் சாய்ந்தான். "வீட்டுல எல்லாம் நல்லா இருக்கா?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

மணிக்கட்டைப் பார்த்தான். கை மடியில் கிடந்தது. நிம்மதியாக ஒரு டிக் போட்டான்.

இப்படியே போனது. நடுவில் வந்த ஒரு குள்ளமான பெண், நாற்காலித் தூக்கத்தை எழுதிக்கொண்டே போனவள், பேனாவை நிறுத்தினாள்.

"ஷூவோடவா தூங்குவீங்க? எதுக்கு?"

தாள் சொல்லியபடி ஹெல்வி முதலில் கதவைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "ஓட வேண்டி வந்தா."

அந்தப் பெண்ணின் தலை சாயவில்லை. கையும் நீளவில்லை. பயிற்சியெல்லாம் எங்கோ போய், வாய் லேசாகத் திறந்து, பார்க்கச் சற்று அசடாகக்கூட இருந்தாள். "யாருக்குப் பயந்து?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் தாளில் பதில் இருந்தது. ஹெல்வி அதைச் சொன்னாள்.

கடைசியில் கணக்குப் பார்த்தால் மூன்று பேர் பாஸ், ஆறு பேர் இல்லை.

கோட் மாட்டும் இடத்துக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஹெல்வி பனிக்கால் பூட்ஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ராஸ், அன்றைக்கு ஏழெட்டுத் தடவை நெஞ்சைப் பிடித்த களைப்பில் சாய்ந்திருந்தார். கோட்டுகளுக்கு அந்தப் பக்கம் டெவனின் குரல் கேட்டது.

"அந்தம்மா இன்னைக்குச் சுத்தமா நடிக்கவே இல்லடா. ஏதோ சொந்த வீட்டுல உக்காந்து பேசுறாப்பல பேசிக்கிட்டு இருந்தாங்க. போன வருஷமெல்லாம் பிரமாதமாப் பண்ணாங்களாமே. வயசாயிடுச்சுபோல."

ராஸ் ஹெல்வியின் காதருகே குனிந்தார். "விமர்சனம் மோசம்."

"இருக்கட்டும்," என்றாள் ஹெல்வி, நாடாவை இறுக்கி. "நீங்க இன்னைக்குக் கொஞ்சம் கம்மியாச் செத்திருக்கலாம். சுவரைத் தாண்டிக் கேட்டுது."

"அது தொழில் பக்தி."

ஜினெட் வந்தாள். "கை அசையவே இல்லையே. என்ன பண்ணீங்க?"

"எங்க வீட்டை நெனச்சுக்கிட்டேன்."

ஜினெட் புரிந்ததா புரியவில்லையா என்று காட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்குக் காலைல அந்த ஆறு பேருக்கும் மறுதேர்வு. வரமுடியுமா? கேஸை மாத்திடுவேன். ராத்திரி பூரா பிள்ளைங்க பேசித் தீர்த்துடுவாங்க இல்ல? பார்லோதான், ஆனா வேற பார்லோ. அடுத்த வருஷத்துக்கும் உங்க பேரையே போட்டுட்டேன்."

"காபி இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப வர்றேன்."

மறுநாள் காலை, வண்டியின் மின்கம்பியைப் பிடுங்கிச் சுருட்டிப் போட்டுவிட்டு, கண்ணாடியில் பனியைச் சுரண்டிவிட்டு, ஹெல்வி கல்லூரிக்குப் போனாள். புதுத் தாளைக் காபியோடு படித்தாள். இந்த மிசஸ் பார்லோவுக்குக் கால் வீக்கம்; அதைக் காட்ட வீங்கிய காலின் படம் ஒன்றைக் கட்டிலோரம் வைத்திருந்தார்கள். வீடு நல்ல வீடு, கணவன் நல்லவன், ஒரு குறையும் இல்லை. வீக்கம் வடிய, சிறுநீர் அதிகம் பிரியக் கொடுத்த மாத்திரையை, பிங்கோ என்ற எண் விளையாட்டு ஆடப் போகும் நாள்களில் விழுங்குவதில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் கழிப்பறை கிடையாது. அதைச் சொல்ல வெட்கம். ஹெல்வி தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

ஆறு பேரும் சூடுபட்ட முகத்தோடு வந்தார்கள். வீட்டில் என்னவோ இருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.

"உங்க கணவர் கத்துவாரா?" என்றாள் நேற்றைய காபிப் பெண்.

"அவரா? அவரைப் பேச வைக்கிறதே பெரும்பாடு."

"கோபம் வந்தா அடிப்பாரா?"

"மீனை அடிப்பாரு."

"தூங்குறப்ப ஷூ போட்டிருப்பீங்களா?"

"இது என்ன கேள்வி? ஷூ வாசல் பாய்ல இருக்கும். நான் கட்டில்ல இருப்பேன்."

அவள் பாவம், எழுத ஒன்றும் இல்லாமல் தவித்தாள். கடைசி நிமிஷத்தில்தான் கால் படத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களில் ஓரிருவர் முன்னதாகவே பார்த்தார்கள்.

கடைசியாக டெவன். உட்கார்ந்தான். தலை சாயத் தொடங்கியது, பாதியில் நின்றது, அவனே அதை நேராக்கிக்கொண்டான். அப்படி நேராக இருந்தபோது அவன் முகம் சும்மா ஒரு இருபது வயதுப் பையனுடையதாக இருந்தது, தூக்கம் போதாத பையன்.

"காலு வீங்கியிருக்கே. மாத்திரை குடுத்திருப்பாங்களே. சாப்பிடுறீங்களா?"

"சாப்பிடுறேன்," என்றாள் ஹெல்வி. தாளில் இது பொய். அவள் தைராய்டுக்குத் தினமும் காலையில் விழுங்கும் தன் சொந்த மாத்திரையை நினைத்துக்கொண்டாள்.

டெவன் அவள் கையைப் பார்க்கவில்லை. வீங்கிய காலுக்கு வரைந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"தினமுமா?"

"பிங்கோ இல்லாத நாள்ல."

"பிங்கோ என்னைக்கெல்லாம்?"

"ஞாயித்துக்கிழமை தவிர."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைக் கையால் மூடினான். அக்கறை முகத்தில் அது பெரிய குற்றம். ஹெல்வியும் சிரித்தாள், மிசஸ் பார்லோ சிரிக்கக் கூடாது என்று தாளில் எங்கும் இல்லை.

"பிங்கோவுக்கும் மாத்திரைக்கும் என்னங்க சம்பந்தம்?"

"பஸ்ஸு."

அவன் யோசித்தான். கொஞ்ச நேரம் எடுத்தது. ஹெல்வி காத்திருந்தாள், உதவி எதுவும் செய்யவில்லை.

"ஓ," என்றான் டெவன். பிறகு குரலை இறக்காமல், சாதாரணமாகவே கேட்டான். "போய்ட்டு வந்ததுக்கு அப்புறம் சாப்பிட்டா? டாக்டர்கிட்ட கேட்டு நேரத்தை மாத்திக்கலாமே?"

"மாத்தலாமா?" என்றாள் ஹெல்வி. "யாரும் சொல்லலியே."

சரியான கேள்வி வந்தால் சொல்ல, தாளில் அதுதான் கடைசி வரி. டெவன் எழுதிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.